டாக்டர் சொல்லிவிட்டார்

எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்து, கேட் இரவும் பகலும் காற்றில் அடித்துக்கொண்டே இருந்த வாரம் அது. இங்கிலாந்தின் வடக்கே, காற்றும் மழையும் ஓயாத ஒரு சிறிய ஊரில் நாங்கள் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்கள் கேட் இந்த வாரம் ரொம்ப உற்சாகமாக இருக்கிறது போல" என்றார். நானும் சிரித்தேன். "ஆமாம், நல்ல காற்று" என்றேன். "ஆமாமாம், நல்ல காற்றுதான்" என்று அவரும் சிரித்துவிட்டு உள்ளே போனார். ஆங்கிலத்தில் வேடிக்கையாக நாலு வார்த்தை பேசிவிட்ட பெருமையோடு நான் வீட்டுக்குள் வந்தேன். அடுப்படி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி செல்வி, "சிரிச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்க? அந்தம்மா கேட்டைச் சரி பண்ணச் சொல்லுது. போய் ஒரு கம்பியாவது வச்சுக் கட்டிட்டு வாங்க" என்றாள். "அவங்க அப்படிச் சொல்லவே இல்லையே" என்றேன். "சொல்லாம என்ன? அதைத்தான் சொல்லுச்சு" என்றாள்.

இத்தனைக்கும் எங்கள் இருவரில் ஆங்கிலம் படித்தவன் நான். நான் வளர்ந்தது மதுரையில், செல்லூரில். வீட்டின் முன்பாதியில் நாலு விசைத்தறி ஓடும். பின்பாதியில் நாங்கள் இருந்தோம். எதிர் வீட்டிலும் தறி, பக்கத்து வீட்டிலும் தறி. காலையில் ஓட ஆரம்பித்தால் சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரிடமும் சாடையாக ஒன்றைச் சொல்ல முடியாது. "சோறு வையி", "தண்ணி தீந்துபோச்சு", "நூல் அறுந்துருச்சு" என்று எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அங்கிருந்து நான் படிக்கப் போனது மிஷன் பள்ளிக்கூடம். அங்கே ஆங்கிலம் என்பது கேள்வியும் பதிலும். பதில் சரியாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு டிக். பேச்சுப் போட்டியில் ஒரு கோப்பை வாங்கினேன், அம்மா அதை டிவி மேல் வைத்து தினமும் துடைத்தாள். பிறகு இன்ஜினியரிங் படித்து, இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் வேலையில் சேர்ந்தேன். 'சிவப்புப் பொத்தானை அழுத்தவும்.' 'மூடியைக் கழற்றும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்.' ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னை இங்கிலாந்து வரை கூட்டி வந்தது.

செல்விக்கு ஊர் திருவாதவூர். அப்பா விவசாயி. தமிழ் வழியில் படித்து, தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து ஒரு பட்டமும் வாங்கியிருந்தாள். அவளைப் பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அப்பா எங்களிடம், "புள்ள சும்மா வீட்ல உக்காந்து பழகல" என்றார். சுறுசுறுப்பான பெண் என்று சொல்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு மகளை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். என் அம்மாவுக்கு அது புரிந்து, "எங்க வீட்லயும் பொம்பளைக யாரும் சும்மா உக்காந்ததில்ல" என்று பதிலும் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வரியில் பெரிய பேச்சுவார்த்தையே முடிந்திருக்கிறது என்று செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எங்க ஊர்ல வாய்க்கா தண்ணிக்கு முறை இருக்கு. பக்கத்து வயல்காரர் வந்து 'எங்க மடைப்பக்கம் ஈரமே காங்கலப்பா'ன்னு சொன்னா, நீ கூடுதலா அடைச்சு வச்சிருக்கேன்னு அர்த்தம். அதை நேராச் சொன்னா வெட்டுக்குத்து ஆயிரும். வெள்ளைக்காரங்களும் அப்படித்தான் பேசுறாங்க. உங்களுக்குத்தான் தெரியல" என்பாள்.

அவள் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறும் வேலைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவாள். ஆனால் மூன்று மாதத்தில் அந்தச் சமையலறைப் பெண்களின் பேச்சு முழுவதும் அவளுக்கு அத்துபடி ஆகிவிட்டது. 'நேரம் கிடைக்கும்போது' என்றால் இப்போதே. 'மோசமில்லை' என்றால் நன்றாக இருக்கிறது. 'வித்தியாசமாக இருக்கிறது' என்றால் வாயில் வைக்க முடியவில்லை. என் அலுவலகத்தில் மேலாளர் ஒரு நாள், "ஆறாம் பக்கத்தை நீங்கள் இன்னொரு முறை பார்க்க விரும்பலாம்" என்றார். நான் பார்த்தேன். எனக்குச் சரியாகவே பட்டது. அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அந்தக் கையேடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வீட்டில் வந்து புலம்பியபோது செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் மகள் யாழினியும் சேர்ந்து சிரித்தாள். மூன்று வயதில் அங்கே வந்த பிள்ளை. அம்மாவின் காது அவளுக்கு.

யாழினிக்கு ஒன்பது வயதானபோது செல்விக்கு முதுகு வலி வந்தது. தூக்கிப் பரிமாறுகிற வேலை, வலிக்கத்தானே செய்யும் என்று இருந்தோம். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் காலை கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. எங்கள் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். எதற்கும் பெரிய மருத்துவமனையில் சீக்கிரமாகப் பார்த்துவிடச் சொல்கிறேன்" என்றார். வெளியே வந்ததும் நான், "பாத்தியா, ஒண்ணுமில்லைன்னுட்டாரு" என்றேன். செல்வி கோட்டுப் பித்தானைப் போட்டபடி, "சீக்கிரமான்னு சொன்னாருல்ல" என்றாள். இங்கே சாதாரண ஸ்கேனுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு நாலே நாளில் கடிதம் வந்தது. நம் அதிர்ஷ்டம் என்று நான் சொன்னேன். அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

முடிவு சொல்லும் நாளில் எங்களை வழக்கமான அறைக்குக் கூப்பிடவில்லை. சோஃபா போட்ட ஒரு சின்ன அறை. மேஜை மேல் டிஷ்யூ பெட்டி. பெரிய டாக்டரோடு ஒரு நர்ஸம்மாவும் வந்து, செல்விக்குப் பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்தார். நான் என் வேலைப் பழக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். கணையத்தில் கட்டி, கல்லீரலிலும் இருக்கிறது என்றார். அடுத்து அவர் சொன்ன ஒவ்வொன்றும் மிக மெதுவாக, நாகரிகமாக வந்தது. "நாம் எதிர்பார்த்த செய்தி இது இல்லை." "செல்வி க்வைட் புவர்லி." "இப்போதைக்கு அவரை வலியில்லாமல் வைத்துக்கொள்வதில் கவனம் செலுத்துவோம்." க்வைட் என்றால் ஓரளவு என்றுதான் நான் படித்திருந்தேன். ஓரளவு உடம்பு சரியில்லை. அப்படித்தான் எழுதிக்கொண்டேன். அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பேச்சில் அதற்கு ரொம்ப மோசம் என்று அர்த்தம். மருந்து எப்போது தொடங்கும், எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "போகப் போகப் பார்க்கலாம்" என்றார். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறோம் என்றேன். "கிறிஸ்மஸைப் பற்றி இப்போது திட்டம் போட வேண்டாமே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "செல்வி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யாராவது தூரத்தில் இருந்தால், அவர்களைச் சீக்கிரமே வரச் சொன்னால் நன்றாக இருக்கும்" என்றார். "அவளுடைய அப்பா அம்மா இந்தியாவில் இருக்கிறார்கள். ஜனவரியில் அறுவடை முடிந்ததும் வருவார்கள்" என்று சொன்னேன். அந்த நர்ஸம்மா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வி மட்டும் "தேங்க்யூ டாக்டர்" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவள் உடனே கதவைத் திறக்கவில்லை. "அப்பாவையும் அம்மாவையும் இப்பவே வரச் சொல்லலாமா?" என்றாள்.

"எதுக்கு? இப்பத்தான் நடவு முடிஞ்சு நிக்கிது. போட்டது போட்டபடி ஓடி வரச் சொன்னா பதறிர மாட்டாங்களா? டாக்டர் அப்படி ஒண்ணும் சொல்லலையே. பொங்கல் முடிஞ்சு வரட்டும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு, "சரிங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே மாமா எனக்குப் போன் செய்தார். நான் சொல்வதற்கு முன்பே செல்வி அவரிடம் பேசியிருக்கிறாள். "மாப்ள, புள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போங்கப்பான்னு கூப்புடுது. பயிரு கெடக்கட்டும், யாருகிட்டயாச்சும் பாத்துக்கச் சொல்லிட்டு நாங்க கெளம்பவா? டாக்டரு என்னதான் சொன்னாரு?" என்று கேட்டார். "பயப்பட ஒண்ணுமில்ல மாமா. உடம்பு கொஞ்சம் சரியில்ல, பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு. அவளுக்கு உங்கள நெனச்சு ஏக்கம், வேற ஒண்ணுமில்ல. அறுப்பு முடிச்சுட்டு நிதானமா வாங்க" என்றேன். அவருக்கு நிம்மதி வந்தது குரலிலேயே தெரிந்தது. "நீங்க சொன்னாச் சரி மாப்ள. நீங்க இங்கிலீசு படிச்சவுக. அது பயந்தாங்கொள்ளி, சின்னதுலருந்தே அப்புடித்தான்" என்றார். மகள் சொன்னதை விட்டுவிட்டு மருமகன் சொன்னதை அவர் நம்பினார்.

அதன் பிறகு ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் செல்வி யாழினிக்குத் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். மசாலா டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினாள், சீரகம் எது, சோம்பு எது என்று எனக்கு எப்போதும் குழம்பும் என்பதற்காக. நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ஒரு நாள் கூட அவள் என்னை உட்கார வைத்து, "எனக்கு நாள் இல்லீங்க" என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாளோ, சொல்லிவிட்டதாகவே நினைத்தாளோ, தெரியவில்லை. டப்பாக்களில் அவள் எழுதியது அதைத்தானே?

கடைசி நாள் மதியம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவள் கண் மூடிப் படுத்திருந்தாள், மூச்சு விட்டு விட்டு வந்தது. இரண்டரை மணி இருக்கும். ஒரு நர்ஸ் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்து, "இன்றைக்கு உங்கள் மகளைப் பள்ளியிலிருந்து வேறு யாராவது அழைத்துவர முடியுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று கேட்கிறார் என நினைத்தேன். "பரவாயில்லை, பக்கம்தான், நானே போய் வந்துவிடுவேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்து, "நீங்கள் நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். "நிச்சயமாக" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாலு மணிக்கு யாழினியோடு திரும்பி வந்தபோது திரைச்சீலை முழுவதும் இழுத்து மூடப்பட்டிருந்தது. அந்த நர்ஸ்தான் கடைசி மூச்சு வரை செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு உடன் இருந்திருக்கிறார்.

அங்கேயே எரித்தோம். டிசம்பர் நடுவில் அஸ்தியை எடுத்துக்கொண்டு யாழினியோடு மதுரைக்கு வந்தேன். திருப்புவனத்தில் ஆற்றில் கரைத்துவிட்டுத் திருவாதவூருக்குப் போனோம். மாமா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் கலைந்த பிறகு, வாசலில் போட்ட பந்தலின் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வயலில் பயிர் கதிர் வாங்கத் தயாராக நின்றது. "உக்காருங்க மாப்ள. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு டாக்டரு என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்புடியே சொல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்வியை எதிர்பார்த்து நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அந்த ஊர் ஆட்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள் மாமா, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைப்பார்கள், நம்மால் கண்டுபிடிக்க முடியாது என்று. விமானத்தில் வரும் வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆனால் அவர் அப்படியே சொல்லுங்க என்றதும் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னேன். எதிர்பார்த்த செய்தி இல்லைன்னாரு. இப்போதைக்கு வலியில்லாம வச்சுக்கிறதத்தான் பாக்கணும்னாரு. கிறிஸ்மஸுக்குத் திட்டம் போட வேணாம்னாரு. பாக்க ஆசைப்படுறவுக தூரத்துல இருந்தா சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னாரு.

கடைசி வரியைச் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தினார்.

"இத என்னைக்குச் சொன்னாரு?"

"அன்னைக்கே மாமா. நீங்க போன் போட்ட அன்னைக்கு."

"வரச் சொல்லுங்கன்னே சொன்னாரா?"

"ஆமா மாமா. ஆனா அவுக பேச்சுல—"

"அப்ப டாக்டரு சொல்லிட்டாருல்ல மாப்ள" என்றார். குரல் உயரவே இல்லை. "இதுக்கு மேல அந்தாளு எப்புடிச் சொல்லுவாரு?"

நான் நோட்டை மூடினேன். ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாத மனிதர். வாசலில் உட்கார்ந்து நாலு வரியைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோப்பை வாங்கிய எனக்குப் புரியவில்லை. புரியவில்லையா, அல்லது வார்த்தைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேனா? அந்தச் சோஃபா அறையில், செல்வியின் கையை நர்ஸம்மா பிடித்த அந்த நொடியில், டாக்டர் சொல்வது என்னவென்று எனக்கும் தெரிந்தது உண்மை. அதை எழுதிக்கொள்ள நோட்டில் இடம் இல்லை. நான் ஆங்கிலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஜனவரி, அறுவடை என்று பேசிக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து போய், அத்தை தந்த காபியை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "குடிங்க. ஆறிப்போகும்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

கிளம்பும் நாள் காலையில் யாழினி முன்வாசலில் உட்கார்ந்து தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். அத்தை அவளைப் பார்த்தபடியே என்னிடம், "பள்ளிக்கூடம் இங்கயும் இருக்கு மாப்ள. மதுரையில நல்ல நல்ல பள்ளிக்கூடமா இருக்காம். வேன் வாசலுக்கே வருதாம்" என்றார். இந்த முறை எனக்குப் புரிந்தது. ஒரு துளி சந்தேகமில்லாமல் புரிந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்கிறார். நீ அங்கே தனியாக எப்படி வளர்ப்பாய் என்கிறார். என் மகளைத்தான் கொண்டுவரவில்லை, அவள் பெற்றதையாவது கொடு என்கிறார். நான், "ஆமாத்த, வர்ற வழியில நாலஞ்சு வேனு பாத்தேன்" என்றேன். தெரிந்தே சொன்னேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மாமா எங்களை வாடகைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்.

கார் ரிங் ரோட்டில் ஏறியதும் யாழினி ஆங்கிலத்தில், "நான் இங்கேயே இருந்துடணும்னு அம்மாச்சிக்கு ஆசை, இல்லையாப்பா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். "உனக்கு?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஐ டோண்ட் மைண்ட்" என்றாள். அந்த ஊர்ப் பேச்சில் இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தந்ததில்லை. சரி என்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள், வேண்டாம் என்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள். டிரைவரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, முன் இருக்கையிலிருந்து இறங்கிப் பின்னால் அவளோடு உட்கார்ந்தேன். "சும்மா சொல்லாத. எனக்குச் சாடையாச் சொன்னா தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல. நேராச் சொல்லு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் சட்டைப் பித்தானையே திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "டோண்ட் லீவ் மீ" என்றாள். "அண்ணே, நேரமாகுது. போகலாமா?" என்றார் டிரைவர்.

ஏர்போர்ட் வாசலில் நின்று மாமாவுக்குப் போன் செய்தேன். "அத்தை சொன்னது எனக்குப் புரிஞ்சது மாமா. புரியாத மாதிரி பேசிட்டு வந்துட்டேன். புள்ளைய என்னால விட முடியாது. வருசா வருசம் லீவுக்குக் கூட்டிட்டு வாரேன்" என்றேன். நான் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் முறை. அவர் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. "புரிஞ்சதுல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

உள்ளே பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி யாழினியின் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளையோடு பேசுகிற அன்பில், "பாப்பாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் பேச்சில் மறைத்து வைத்ததை எல்லாம் கண்டுபிடிக்கிற பிள்ளை, "இங்கயா அங்கயா, எதைக் கேக்குறாருப்பா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் ரகசியமாகக் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் பெட்டியை நகர்த்தினார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அவர் முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.